மாமியார் வீட்டு ஸ்டார் ஸ்க்ரூ

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைப் பார்க்க வேண்டும். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் இருந்த வீடு அது. கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த அறைக்கதவின் கீலில் என்ன ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லாம் பழைய கோட்டுத் தலை. "இங்கயும் கோடுதானா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் அம்மா தொடையில் கிள்ளினாள். உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. சிரித்தது பெண்ணின் தங்கை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு மில் ஸ்டோர்ஸில் நான் சேல்ஸ்மேன். நூல் மில்களுக்கு வேண்டிய பெல்ட், பேரிங், நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ எல்லாம் அங்கே கிடைக்கும். வாரத்தில் பாதி நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், மீதி நாள் சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். பை கனக்கும். ஆர்டர் கனக்காது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்க்ரூவின் தலையில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் அது கோடு. கூட்டல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வெட்டியிருந்தால் ஸ்டார். தலைக்குள் ஆறு பட்டையில் குழி இருந்தால் ஆலன், அதற்கு வளைந்த சாவி ஒன்று தனியாக வேண்டும். தலையே ஆறு பட்டையாக வெளியே நின்றால் அதற்கு ஸ்பேனர். இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு நான் அடித்த லூட்டி கொஞ்ச நஞ்சமில்லை.

ராஜபாளையத்தில் ஸ்டாரும் ஆலனும் நன்றாகப் போகும். மில்லுக்குப் புது மெஷின் வந்து இறங்கும்போதே உடம்பெல்லாம் அந்த இரண்டு தலையோடுதான் வரும். ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற பிட்டர் எவருடைய வீட்டிலும் ஒரு ஸ்டார் திருப்புளி கட்டாயம் இருக்கும். அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று நாம் கேட்கக் கூடாது. பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறைக்காரர்களுக்குத் தலையைப் பற்றிக் கவலையே கிடையாது. மருந்துத் தண்ணீரில் துருப்பிடிக்கக் கூடாது, அம்புட்டுத்தான். வத்திராயிருப்புக்குப் போனாலோ ஸ்க்ரூ என்ற பேச்சே எடுபடாது. பம்ப் செட்டுக்கு ஸ்பேனர் போடுகிற தலை, மற்ற எல்லாவற்றுக்கும் கட்டுக்கம்பி. ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் ஸ்டார் ஸ்க்ரூவைக் காட்டி அதன் பெருமையை அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதத் திருக தனியா ஒரு சாமான் வாங்கணுமாக்கும்? எனக்குக் கம்பி போதும்யா, இளநி குடிக்கியா?" என்றார். குடித்தேன்.

சோழபுரத்தில் கோடு வாங்குவார்கள், திருப்புளி வாங்க மாட்டார்கள். கோட்டில் வைத்துத் திருக அரிவாள் நுனி இருக்கிறது, பத்துப் பைசா இருக்கிறது, பிறகு திருப்புளி எதற்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என் மானத்தை வாங்கிய ஊர். அங்கே ஆசாரிமார்களுக்குக் கோட்டைத் தவிர வேறு தலை கிடையாது. பீரோவுக்குக் கோடு, கட்டிலுக்குக் கோடு, தொட்டில் கொக்கிக்குக் கோடு. ஒரு ஆசாரியிடம் ஸ்டாரைக் கொண்டுபோய் நீட்டினால், "தம்பி, இந்த நட்சத்திரத்த ஒங்க ஊர்லயே வச்சுக்கோங்க. நமக்கு முக்காவாசி சுத்தியல், காவாசிதான் திருப்புளி" என்பார். உண்மைதான். ஸ்க்ரூவை மரத்தில் வைத்து ஆணியை அடிப்பது போல நங்கு நங்கென்று அடித்து இறக்குவார், கடைசியில் மரியாதைக்காக ரெண்டு திருகு. ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தவன் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுவான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போன பை போன கனத்தோடு திரும்பி வரும். எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பையைப் பார்த்ததும், "ஏமிரா, மறுபடியும் சுமந்துட்டு வந்துட்டியா?" என்பார்.

ஆர்டர் கிடைக்காதவனுக்குத் தத்துவம் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. ஸ்க்ரூத் தலையைப் பார்த்தே ஊரைக் கணித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஸ்டார் போடுகிற ஊர் முழித்துக்கொண்ட ஊர், கோடு போடுகிற ஊர் தூங்குகிற ஊர். பஸ்ஸில், டீக்கடையில், சலூனில், கல்யாணப் பந்தியில் எல்லாம் இதைச் சொன்னேன். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போன சம்பவமும் உண்டு. இப்படிப்பட்ட எனக்குத் தூங்குகிற ஊரிலிருந்தே பெண் அமைந்தது.

கல்யாணமான பிறகு மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டை முன்னேற்றிவிட வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுக்கும். கொல்லையில் ஒரு குளியலறை. பழைய வீட்டுக் கதவை அறுத்துச் செய்த கனமான பலகைக் கதவு, வெளிப்பக்கமாகத் திறக்கும். வெளியே இரண்டு பட்டைக் கீல், அதிலும் கோட்டுத் தலைதான், அதன் மேல் வருஷா வருஷம் அடித்த பச்சைப் பெயிண்ட். உள்ளே தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு கொக்கி லொடலொடவென்று ஆடிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து புதுத் தாழ்ப்பாளும், நாலு ஸ்டார் ஸ்க்ரூவும், கடைத் திருப்புளியும் கொண்டுபோனேன். ஆசாரியைக் கூப்பிடலாம் என்றார் மாமனார். "அவருக்கு ஸ்டார் தெரியாது மாமா" என்று சொல்லிவிட்டு நானே இறங்கினேன்.

மரம் பழைய தேக்கு. திருகத் திருக இறங்க மறுத்தது. சட்டையெல்லாம் வேர்த்து ஒழுகுகிறது, பின்னால் மாமனார் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்தேன்? சுத்தியலை எடுத்தேன். எந்த ஆசாரியை ஊரெல்லாம் கேலி செய்தேனோ, அவரைப் போலவே நங்கு நங்கென்று அடித்து இறக்கினேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புளியைத் திருகினேன். அது வழுக்கி வழுக்கி, நுனி உட்காருகிற ஸ்டாரின் வாய் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. பரவாயில்லை, கழற்றினால்தானே வாய் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். "இனி இது பத்து வருஷத்துக்கு அசையாது மாமா" என்றேன். கடைத் திருப்புளியைப் பத்திரமாகப் பையில் வைத்து ராஜபாளையத்துக்கே திரும்பக் கொண்டுபோனேன்.

இப்போது அந்தச் சிரித்த பெண்ணுக்கு வருகிறேன். என் கொழுந்தியாள். தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். மதுரையில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. வீட்டில் பெரிய சண்டை. மாமனார் ஒரு மாதிரி இழுத்தார். மாமியார் ஒரேயடியாக மாட்டேன் என்றார். மாமியார் என்னிடம் நேருக்கு நேர் நின்று பேசியதே கிடையாது, கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துட்டி" என்று மகளிடம் சொல்கிற ஆள். அவரே அன்றைக்கு முன்னால் வந்து, "பொட்டப்பிள்ள தனியா மதுரையில கெடந்து சம்பாரிச்சுத்தான் நாங்க சாப்பிடணுமா?" என்று கேட்டார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. இந்த ஒரு தடவை போகலாம். கிடைக்கவில்லை என்றால், அல்லது போக முடியாமல் ஆகிவிட்டால், கோவில்பட்டிப் பக்கம் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்கு மறுபேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாப்பிள்ளை ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் டைப்ரைட்டிங் எல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் யோசிக்காமல் சரி என்றாள்.

இன்டர்வியூ திங்கட்கிழமை. நாங்கள் முந்தின நாளே வந்திருந்தோம், நான் தைரியம் சொல்வதற்காக. விடியற்காலையில் அவள் குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அத்தான், தாழ்ப்பாக் குமிழு கையோட வந்துருச்சு!"

மழையில் மரம் ஊறியிருந்தது. நான் அடித்த அடியில் தாழ்ப்பாளின் தகடு வேறு வளைந்திருந்தது போலிருக்கிறது. கம்பி இறுகி நின்றுவிட்டது. பலமாக இழுத்ததில் குமிழ் பிய்ந்து வந்துவிட்டது.

"பதறாத. நாலு ஸ்க்ரூதான். கழட்டிட்டா தாழ்ப்பா தன்னால வந்துரும்" என்றேன். கதவுக்கும் தகரக் கூரைக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாகக் காய் நறுக்குகிற கத்தியைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். டெஸ்டர், பத்துப் பைசா, ஒரு கோட்டுத் திருப்புளி, ஸ்பூன். எல்லாம் உள்ளே போயின. ஒன்றும் நடக்கவில்லை.

"அத்தான், ஸ்க்ரூவுக்கு வாயே இல்ல. வழுவழுன்னு கெடக்கு. என்னத்த மாட்டுனிய நீங்க?"

"யாருய்யா இத மாட்டுனது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "ராஜபாளையத்து மாப்ள" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் ஒரு தடவை என்னைப் பார்த்தார்கள்.

வெளியே திறக்கிற கதவை வெளியிலிருந்து உதைத்தால் நிலையில் போய் இன்னும் இறுகத்தான் செய்யும். கோடாரியால் பிளக்கலாம் என்றால் உள்ளே ஆள் ஒதுங்க இடமில்லை. அவள் அழத் தொடங்கிவிட்டாள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "விடுங்கய்யா. இன்னைக்குப் போக வேண்டாம்னு இருக்கு. சாமியே தாழ் போட்டுருச்சு" என்றார். சாமி எங்கே போட்டது, போட்டவன் நான்தான் பக்கத்தில் நிற்கிறேனே.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள். யோசனையா அது! சரியான டூல் இல்லாததுதான் பிரச்சினை என்று எனக்குப் பட்டது. "மாமா, ஒரு மணி நேரம் பொறுங்க. கடையில போயி ஸ்டார் திருப்புளிய எடுத்துட்டு வாரேன்" என்று கத்திக்கொண்டே கைலியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பின்னால் யாரோ என்னவோ சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டவுன் பஸ் ஆட்டுக்குட்டிக்கெல்லாம் நின்று நின்று போனது. கடை பூட்டியிருந்தது. முதலாளி வீட்டுக்கு ஓடினேன். வாயில் வேப்பங்குச்சியோடு வந்தவர், "ஏமிரா, கைலியோட?" என்றார். காரணம் சொன்னேன். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் நன்றாகச் சிரித்து முடித்தார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திருப்புளியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். புத்தம் புது நுனி, நாலு பட்டையும் கூர்மையாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் மண்டையில் உறைத்தது. இந்த நுனி போய் உட்கார ஒரு வாய் வேண்டுமே. அதைத்தான் நானே தேய்த்து மழுக்கிவிட்டேனே! அவள் உள்ளேயிருந்து சொன்னாளே, வாயே இல்லை என்று! ஒரு மனிதன் இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியுமா? ஏழு மணி மதுரை பஸ் போயிருக்கும். அடுத்ததும் போய்விடும். நான் பந்திக்குப் பந்தி பேசிய பெருமைக்காக ஒரு பெண் ஈரத் தலையோடு இருட்டறையில் நிற்கிறாள். அவளுக்குப் பிடிக்காத ஒருவனுக்கு அவளைக் கட்டிவைக்கப் போகிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவ போயாச்சு. ஏழரை பஸ்ஸுக்கே போயாச்சு."

"எப்படி?"

"நீங்க தெருமுக்கு தாண்டல, அம்மா தேங்கா கீறுற கத்தியோட வந்துட்டாங்க. 'சகுனம் சரியில்ல, விடு'ன்னாரு அப்பா. 'சகுனமும் மண்ணாங்கட்டியும்! எம்பிள்ள ராவும் பகலும் அந்த மெஷினத் தட்டிட்டுக் கெடந்துருக்கா. நீங்க செத்த தள்ளி நில்லுங்க'ன்னாங்க. அப்பா தள்ளிட்டாரு."

யாருக்கும் தோன்றாதது மாமியாருக்குத் தோன்றியிருக்கிறது. தாழ்ப்பாள் கழலாவிட்டால் என்ன, கீல் வெளியேதானே இருக்கிறது? கத்தி நுனியால் பச்சைப் பெயிண்டைச் சுரண்டி, கோட்டைக் கண்டுபிடித்து, தேங்காய் எண்ணெயை ஊற்றி, ஒவ்வொன்றாகத் திருகியிருக்கிறார். அடுத்தவர்கள் கை கொடுக்கிறோம் என்றதற்கும் விடவில்லையாம். திருகிக்கொண்டே கதவைப் பார்த்துப் பேசியிருக்கிறார். "ஏட்டி, அழாத. மூஞ்சி வீங்கிப் போகும். சேலையும் சீப்பும் மேல வழியா வருது பாரு. உடுத்திட்டு, தலையச் சீவிட்டு, தயாரா நில்லு. கதவு வந்ததும் ஓடணும்." கதவைக் கீல் பக்கமாக நாலு பேர் பிடித்து இழுத்து இறக்கியதும், அவள் அப்படியே ஓடியிருக்கிறாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை ஓடியதும் மாமியார்தானாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாட்டேன் என்று நின்றவர் அவர்தானே? என் மனைவிக்கும் விளங்கவில்லை. "அம்மா மனசுல என்ன இருந்துச்சோ, எங்க யாருக்குமே தெரியல" என்றாள்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. அந்த ஆபீஸிலேயே சூப்பிரண்டாகி, தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் அன்று காலையில் நான் திரும்பி வந்தபோது அது ஒருவருக்கும் தெரியாது. பஸ் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதே தெரியாது.

கொல்லைக்குப் போனேன். கதவு தரையில் கிடந்தது. என் தாழ்ப்பாள் அதில் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தது, நாலு ஸ்டாரும் கொஞ்சமும் அசையவில்லை. துணி துவைக்கிற கல்லில் மாமியார் உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது, துணியில் சிவப்பாகக் கசிந்திருந்தது. பக்கத்தில் நுனி முறிந்த கத்தி. என்னைப் பார்த்ததும் வழக்கம் போல எழுந்து ஒதுங்கவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. திருப்புளியை நீட்டிக்கொண்டு, "அத்தை, ஸ்டார்ல தப்பில்ல, அதுக்குன்னு ஒரு முறை இருக்கு, ராஜபாளையத்துல எல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், மதுரை ரோடு போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த சும்மா இருங்க மாப்ள" என்றார். "எம்மக பஸ்ஸுல போயிட்டிருக்கா."